டார்வின் பயந்துகொண்டுதான் இருபது வருஷம் வாயைத் திறக்கவில்லையா?

வாசகர் ஒருவரின் கேள்வி, 6 ஜனவரி

"டார்வினுக்கு 1838-லேயே இயற்கைத் தேர்வு (சூழலுக்குப் பொருந்துகிற உயிர்கள் பிழைத்துப் பெருகுவதால் இனங்கள் மெல்ல மாறுகின்றன என்பது) பற்றிய யோசனை வந்துவிட்டது. சர்ச்சுக்குப் பயந்து 1859 வரை பூட்டி வைத்திருந்தார். புத்தகம் வந்ததும் பாதிரிகள் எல்லாரும் பாய்ந்தார்கள், விஞ்ஞானிகள் எல்லாரும் அவர் பக்கம் நின்றார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் ஹக்ஸ்லி ஒரே பதிலில் பிஷப்பின் வாயை அடைத்தார். இதுதானே நடந்தது? இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?"

6 ஜனவரி, இரவு

நிறையவே இருக்கிறது. பள்ளியில் நான் விலங்கியல் நடத்திய காலத்தில் கையேடுகளில் இந்தக் கதைதான் இருந்தது. ஓய்வு பெற்ற பிறகு டார்வினின் கடிதங்களைப் படிக்க உட்கார்ந்தேன். கேம்பிரிட்ஜில் 1974-இல் தொடங்கிய பதிப்பு வேலை 2023-இல் 30-ஆம் தொகுதியோடு முடிந்தது. அவர் எழுதியதும் அவருக்கு வந்ததுமாக 15,000-க்கு மேல் கடிதங்கள். இணையத்தில் காசில்லாமல் படிக்கலாம். படித்த பிறகு உங்கள் வாக்கியங்களில் முதல் ஒன்றுதான் தேறும்.

இன்றைக்கு ஒன்று மட்டும். டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' புத்தகம் வெளிவந்த நாள் 24 நவம்பர் 1859. அதே தேதியிட்டு டார்வினுக்கு ஒரு கடிதம் வருகிறது. எழுதியவர் ஆடம் செட்ஜ்விக், கேம்பிரிட்ஜின் புவியியல் பேராசிரியர். 1831-இல் டார்வினை வடக்கு வேல்ஸுக்கு அழைத்துப்போய்ப் பாறைகளைப் படிக்கக் கற்றுக்கொடுத்தவர். புத்தகத்தைப் படித்ததில் மகிழ்ச்சியைவிட வேதனைதான் அதிகம் என்கிறார். சில பகுதிகளை மெச்சினாராம், சிலவற்றுக்கு விலா நோகச் சிரித்தாராம், மற்றவை பொய்யானவை, கேடு விளைவிப்பவை என்று வருந்தினாராம். இவ்வளவும் சொல்லிவிட்டு, கடைசியில் தன் உடம்பைப் பற்றி எழுதும்போது தன்னையே "ஒரு குரங்கின் மகன், உங்கள் பழைய நண்பன்" என்று குறிப்பிடுகிறார். திட்டும்போதும் உறவை விடவில்லை கிழவர்.

அதற்கு ஆறு நாள் முன்பு, முன்பிரதியைப் படித்துவிட்டு இன்னொருவர் எழுதுகிறார்: கடவுள் எல்லா உயிர்களையும் தனித்தனியாகப் படைத்தார் என்பதும், தாமே மாறி வளரக்கூடிய சில ஆதி வடிவங்களைப் படைத்தார் என்பதும் ஒரே அளவுக்கு உயர்ந்த கருத்துகள்தான் என்று. இவர் சார்லஸ் கிங்ஸ்லி. பாதிரியார்! 1860 ஜனவரியில் வந்த இரண்டாம் பதிப்பில் இந்த வரியை, பெயர் போடாமல், டார்வின் சேர்த்துக்கொண்டார். தனக்கு எது கேடயமாகும் என்று தெரிந்தவர்.

7 ஜனவரி

செட்ஜ்விக்கும் பாதிரியார்தானே என்று ஒருவர் மடக்கியிருக்கிறார். ஆமாம். டார்வினின் ஆசான் ஹென்ஸ்லோவும் பாதிரியார். டார்வினே கேம்பிரிட்ஜுக்குப் போனது பாதிரியார் ஆவதற்குத்தான். அன்றைய இங்கிலாந்தில் வண்டு பிடிக்கிறவரும் ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் செய்கிறவரும் பல ஊர்களில் ஒரே ஆள். அதனால்தான் அந்தக் கூட்டத்தின் நடுவே கோடு போட முடியவில்லை என்கிறேன்.

சரி, அங்கியே போடாத ஆட்களைப் பார்ப்போம். வானியலாளர் ஜான் ஹெர்ஷல் அந்தக் காலத்து அறிவியல் முறைக்கே இலக்கணம் சொன்னவர். அவர் இந்தக் கொள்கையை "தாறுமாறு விதி" என்று கேலி செய்ததாகச் சுற்றிவளைத்து டார்வின் காதுக்கு வருகிறது. 1859 டிசம்பரில் புவியியலாளர் நண்பர் லயலுக்கு டார்வின் எழுதுகிறார்: இதற்குச் சரியாக என்ன அர்த்தமோ தெரியவில்லை, ஆனால் வெறும் இளக்காரம் என்று மட்டும் புரிகிறது. ஹெர்ஷலின் நூலைப் படித்துத்தான் இளவயதில் அறிவியல் வெறி பிடித்ததாகப் பின்னாளில் எழுதியவர் டார்வின். பிஷப் திட்டினால் சிரிக்கலாம், இதற்கு எப்படிச் சிரிப்பது?

அடுத்து ரிச்சர்ட் ஓவன். டைனோசர் என்று பெயர் வைத்த அதே ஓவன். பீகிள் கப்பல் பயணத்தில் டார்வின் கொண்டுவந்த புதைபடிவ எலும்புகளை ஆராய்ந்து எழுதியவர். 1860 ஏப்ரலில் எடின்பரோ ரெவ்யூவில் பெயரில்லாமல் ஒரு விமர்சனம் வந்தது. பெயரில்லாத அந்தக் கட்டுரை ஓவனைப் புகழ்ந்த விதத்திலேயே யார் எழுதியது என்று ஊருக்குத் தெரிந்துவிட்டது. டார்வின் ஏப்ரல் 10 அன்று லயலுக்கு எழுதிய கடிதத்தில் புழுங்கித் தள்ளுகிறார்: கடும் விஷம், கெட்டிக்காரத்தனமான விஷம், நிறையச் சேதம் செய்யும். ஓவன் என்னை வெறுக்கிற அளவுக்கு ஒருவரால் வெறுக்கப்படுவது வலிக்கிறது என்கிறார். எந்தப் பாதிரியைப் பற்றியும் இந்தத் தொனியில் அவர் எழுதி நான் பார்த்ததில்லை.

9 ஜனவரி

இருபது வருஷப் பயம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எல்லாரும் காட்டுவது ஒரே கடிதம்: 11 ஜனவரி 1844, தாவரவியலாளர் நண்பர் ஜோசப் ஹூக்கருக்கு. உயிரினங்கள் மாறாதவை அல்ல என்று கிட்டத்தட்ட நம்பத் தொடங்கிவிட்டேன், இதைச் சொல்வது கொலையை ஒப்புக்கொள்வது போல இருக்கிறது என்கிறார். இந்த வரி பள்ளிச் சுவரொட்டி வரை வந்துவிட்டது. இதற்கு ஹூக்கர் என்ன பதில் போட்டார் என்று யாரும் சொல்வதில்லை. அந்த மாதமே எழுதிவிட்டார்: மாற்றம் எப்படி நடந்திருக்கும் என்று நீங்கள் நினைப்பதைக் கேட்க ஆவலாக இருக்கிறேன், இப்போதுள்ள கருத்து எதுவும் எனக்குத் திருப்தியாக இல்லை. அவ்வளவுதான். கொலை வழக்கு பதிவாகவில்லை.

அதே வருஷம் ஜூலை 5 அன்று மனைவி எம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதி வைக்கிறார். நான் திடீரென்று இறந்துபோனால், என் கொள்கை பற்றி எழுதி வைத்திருக்கும் இந்தக் கட்டுரையை வெளியிட 400 பவுண்டு ஒதுக்கு, பொறுப்பெடுத்துச் செய்ய ஆள் பிடி என்று. ஒளித்துவைக்க நினைத்தவன் பதிப்புச் செலவுக்குப் பணம் ஒதுக்குவானா? வரலாற்றாசிரியர் ஜான் வான் வைஹே 2007-இல் ஒரு கட்டுரையே எழுதினார். டார்வின் தன் கருத்தைக் குடும்பத்திடமும் நண்பர்களிடமும் மறைக்கவே இல்லை, வரிசையில் இருந்த வேலைகளை முடித்துவிட்டு வந்தார், அவ்வளவுதான் என்பது அவர் கட்சி.

வேலை என்றால் சாதாரண வேலையா? 1846 முதல் 1854 வரை எட்டு வருஷம் கொட்டலசு. பாறையிலும் படகடியிலும் ஒட்டிக்கொண்டு காலைக் கிழிக்குமே, அதுதான். உலகம் முழுவதிலிருந்தும் தபாலில் வரவழைத்து, நுண்ணோக்கியில் அறுத்துப் பார்த்து, நான்கு நூல் எழுதினார். 1852-இல் உறவினர் ஃபாக்ஸுக்கு எழுதுகிறார்: எந்த மனிதனும் வெறுத்திராத அளவுக்குக் கொட்டலசை வெறுக்கிறேன், மெல்ல நகரும் கப்பலில் போகிற மாலுமிகூட இப்படி வெறுத்திருக்க மாட்டான்.

9 ஜனவரி, இன்னும் கொஞ்சம்

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன். வான் வைஹே சொல்வதை முழுசாக விழுங்க எனக்கு மனசு வரவில்லை. சர்ச் மீதான பயம் இல்லை, சரி. வீட்டைப் பற்றிய பயம் இருந்தது. கல்யாணமான புதிதில், 1839 வாக்கில், எம்மா அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். ஒரே வீட்டில் இருந்துகொண்டே எழுதியது. எதையும் நிரூபணம் கேட்டே பழகிய மனம், நிரூபிக்க முடியாத விஷயங்களையும் அதே கண்ணால் பார்த்துவிடுமோ, நாம் என்றென்றைக்கும் ஒருவருக்கொருவர் சொந்தமாக இருக்க முடியாமல் போகுமோ என்று. அதன் அடியில் டார்வின் கைப்பட எழுதியிருக்கிறார்: நான் இறந்த பிறகு தெரிந்துகொள், இதைப் பலமுறை முத்தமிட்டு அழுதிருக்கிறேன்.

இதைப் படித்த பிறகு அவர் காலம் தாழ்த்தியதற்குக் கொட்டலசு ஒன்றே காரணம் என்று என்னால் நம்ப முடியவில்லை.

10 ஜனவரி

புறாவைப் பற்றிப் புத்தகம் எழுதச் சொன்னார்களாமே என்று யாரோ கேட்டீர்கள். உண்மைதான். 1859-இல் கையெழுத்துப் பிரதியைப் பதிப்பாளர் ஜான் மர்ரே, குவார்ட்டர்லி ரெவ்யூ ஆசிரியர் விட்வெல் எல்வினிடம் காட்டினார். எல்வின் (இவரும் பாதிரியார், என்ன செய்ய) சொன்ன யோசனை: இந்தப் பெரிய கொள்கையெல்லாம் இப்போது வேண்டாம், புறாவைப் பற்றி மட்டும் ஒரு புத்தகம் போடுங்கள், புறா என்றால் எல்லாருக்கும் பிடிக்கும், நாட்டில் எல்லாப் பத்திரிகையிலும் மதிப்புரை வரும். டார்வின் கேட்கவில்லை.

அப்புறம், "முதல் நாளே 1,250 பிரதியும் மக்கள் அடித்துப் பிடித்து வாங்கினார்கள்" என்பதும் சரியில்லை. மர்ரே நடத்திய வியாபாரிகள் கூட்டத்தில் புத்தகக் கடைக்காரர்கள் எடுத்துக்கொண்ட கணக்கு அது. 500 பிரதி மூடி என்ற வாடகை நூலகத்துக்கே போனது.

12 ஜனவரி

வாலஸ் கடிதத்தைப் படிக்க இணைப்பு கேட்கிறார் ஒருவர். தர முடியாது. கடிதமே இல்லை.

இயற்கையியலாளர் ஆல்ஃபிரட் வாலஸ், டார்வினின் இயற்கைத் தேர்வு யோசனையையே தனியாகக் கண்டடைந்து, இன்றைய இந்தோனேசியாவில் உள்ள டெர்னாட்டேயிலிருந்து டார்வினுக்கு அனுப்பியது அது. வந்த கையோடு டார்வின் 18 தேதியிட்டு லயலுக்கு எழுதுகிறார் (1858 ஜூன் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட மாதம்): இவ்வளவு பொருத்தத்தை நான் பார்த்ததே இல்லை, என் சொந்தச் சரக்கு என்று எவ்வளவு இருந்ததோ அவ்வளவும் தவிடுபொடி. அந்தச் சமயம் வீட்டில் கடைசிப் பிள்ளைக்குச் செங்காய்ச்சல். ஜூன் 28 அன்று குழந்தை இறந்தது. ஜூலை 1 அன்று லண்டன் லின்னேயன் இயற்கையியல் சங்கத்தில் இருவர் எழுத்தையும் சேர்த்து வாசித்தபோது டார்வின் அங்கே இல்லை. பொதுமக்கள் எதிர்வினையா? சுத்தமாக ஒன்றுமில்லை. மறுவருஷம் சங்கத் தலைவர் தாமஸ் பெல், கடந்த ஆண்டு துறையையே புரட்டிப்போடும் கண்டுபிடிப்பு எதுவும் நிகழவில்லை என்று உரையாற்றினார்.

கடிதம் ஏன் இல்லை? மகன் ஃபிரான்சிஸ் அப்பாவின் பழக்கத்தைச் சொல்லியிருக்கிறார். வந்த கடிதங்களைக் கம்பியில் குத்தி வைப்பார். நம் மளிகைக் கடைகளில் ரசீது குத்தி வைத்திருப்பார்களே, அந்த மாதிரி. வீட்டில் இருந்தது சில கம்பிகள்தான். அவை நிறைந்ததும் பல வருஷத்துக் கடிதங்களை மொத்தமாகக் கொளுத்துவார். 1862 வாக்கில்தான் இந்தப் பழக்கம் நின்றது. அதனால் 1850-களில் டார்வின் கேட்ட கேள்விகள் நிறையக் கிடைக்கின்றன, வந்த பதில்களில் பாதி சாம்பல். வாலஸிடமிருந்து திருடிவிட்டு ஆதாரத்தை அழித்தார் என்று எழுதுகிறவர்கள் இந்தக் கம்பிக் கணக்கையும் பார்க்க வேண்டும்.

தப்பியதில் ஒன்று கல்கத்தாவிலிருந்து வந்தது. ஆசியக் கழக அருங்காட்சியகக் காப்பாளர் எட்வர்ட் பிளைத் 1855 டிசம்பரில் எழுதியது: இனங்கள் எப்படித் தோன்றுகின்றன என்று வாலஸ் எழுதிய கட்டுரையைப் பார்த்தீர்களா, மொத்தத்தில் நன்றாக இருக்கிறது! எச்சரிக்கை மணி இரண்டரை வருஷம் முன்பே அடித்துவிட்டது.

15 ஜனவரி

ஆக்ஸ்ஃபோர்டுக்கு வருகிறேன். பிரிட்டிஷ் அறிவியல் வளர்ச்சிச் சங்கக் கூட்டத்தில் பிஷப் வில்பர்ஃபோர்ஸும், டார்வின் பக்கம் நின்ற விலங்கியலாளர் ஹக்ஸ்லியும் மோதிய நாள். 30 ஜூன் 1860, சனிக்கிழமை, புதிதாகக் கட்டிய பல்கலைக்கழக அருங்காட்சியகம். தலைமை ஹென்ஸ்லோ. டார்வின் அன்று ரிச்மண்ட் பக்கத்தில் ஒரு நீர்ச்சிகிச்சை நிலையத்தில் தலைவலியோடு படுத்திருந்தார். அன்று பேசியதை யாரும் வரிக்கு வரி எழுதி வைக்கவில்லை. சம்பவம் நடந்த சூட்டோடு எழுதிய கடிதம் ஹூக்கருடையது, ஜூலை 2. அதில் அவர் சொல்வது: பிஷப் வில்பர்ஃபோர்ஸ் அரைமணி நேரம் பொழிந்து தள்ளினார். ஹக்ஸ்லி நன்றாகப் பதில் சொன்னார், ஆனால் அவ்வளவு பெரிய கூட்டத்துக்கு அவர் குரல் எட்டவில்லை, கூட்டத்தைத் தன் பக்கம் இழுக்கவும் முடியவில்லை, பிஷப்பின் பலவீனமான இடங்களைத் தொடவும் இல்லை. லேடி ப்ரூஸ்டர் மயங்கி விழுந்தார். எனக்கு இரத்தம் கொதித்தது, எழுந்தேன், அடித்து நொறுக்கினேன், கைதட்டலோ கைதட்டல்.

ஆக, ஹூக்கர் கணக்குப்படி பிஷப்பை வீழ்த்தியது ஹூக்கர். செப்டம்பரில் ஹக்ஸ்லி ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தின்படி ஹக்ஸ்லி. பிஷப் தரப்பும் தாங்களே ஜெயித்ததாகத்தான் வீடு திரும்பியது. குரங்கு உங்களுக்குப் பாட்டி வழியா தாத்தா வழியா என்று பிஷப் ஹக்ஸ்லியைக் கேட்டதாக நாம் மேற்கோள் காட்டுகிற வசனம் பரவியது 1898-இல் ஒரு பத்திரிகையில் வந்த நினைவுக்குறிப்பால். நடந்து 38 வருஷம் கழித்து! எங்கள் ஊர்ப் பட்டிமன்றத்தில் யார் ஜெயித்தது என்று மறுவாரமே ஒத்துப்போகாது.

பிஷப்பின் எழுத்து விமர்சனம் அடுத்த மாதம் குவார்ட்டர்லியில் வந்தது. டார்வின் ஹூக்கருக்கு: ரொம்பக் கெட்டிக்காரத்தனம், ஊகமான இடங்களையெல்லாம் சாமர்த்தியமாகப் பொறுக்கியிருக்கிறார், சிக்கல்களை நன்றாக முன்வைக்கிறார், என் தாத்தாவை வைத்து என்னை அழகாகக் கிண்டல் செய்திருக்கிறார். ஓவனுக்குக் கிடைத்த கசப்பில் கால்வாசிகூட இதில் இல்லை. ஹக்ஸ்லிக்கோ, உயிரோடிருக்கும் ஒரு பிஷப்பை இப்படித் தாக்க உங்களுக்கு எப்படித் துணிச்சல் வந்தது, வெட்கமாக இருக்கிறது என்று குறும்பு.

15 ஜனவரி, இரவு

அமெரிக்காவில் அவருக்காக முன்னால் நின்று வாதாடியவர் யார்? ஹார்வர்டின் தாவரவியலாளர் ஆசா கிரே. தீவிர பக்தர். எதிர்த்து நின்றவர் அதே ஹார்வர்டின் லூயி அகாசி, விஞ்ஞானி. கிரே எழுதிய கட்டுரைகளை லண்டனில் சிறு நூலாக விற்க டார்வின் செலவில் பங்கு ஏற்றார். ஆனால் அந்தக் கிரேக்கே 22 மே 1860 அன்று எழுதுகிறார்: நான் நாத்திகம் எழுத நினைக்கவில்லை, ஆனாலும் உயிருள்ள புழுவின் உடம்புக்குள்ளிருந்து தின்னும் குளவியை அன்பான கடவுள் வேண்டுமென்றே படைத்தார் என்று என்னால் நம்ப முடியவில்லை. அதே கடிதத்தில், இந்த உலகம் முழுக்கக் குருட்டுச் செயல் என்றும் திருப்திப்பட முடியவில்லை, இதெல்லாம் மனித புத்திக்கு மீறியது, நியூட்டனின் மனதைப் பற்றி நாய் யோசிப்பது போல என்கிறார். அச்சில் கிரேயைக் கேடயமாக்கிக்கொண்டு, தபாலில் அந்தக் கேடயத்திடமே தன் சந்தேகத்தைக் கொட்டியிருக்கிறார். தந்திரம் என்று சொல்லலாமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. நண்பரிடம் பொய் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

16 ஜனவரி

இன்று பெரிதாக ஒன்றுமில்லை. 1 அக்டோபர் 1861, லயலுக்கு: இன்று உடம்பு சரியில்லை, புத்தி மந்தம், எல்லாரையும் எல்லாவற்றையும் வெறுக்கிறேன். திங்கட்கிழமை ஆசிரியர் அறையில் ஒட்டி வைக்கலாம்.

19 ஜனவரி

"மூலதனத்தை டார்வினுக்குச் சமர்ப்பிக்க மார்க்ஸ் அனுமதி கேட்டார், டார்வின் மறுத்தார்." தோழர்களே, இதை நம் சிறுபத்திரிகைகளில் நானும் எத்தனையோ முறை படித்திருக்கிறேன். அப்படி நடக்கவில்லை. 1873-இல் மார்க்ஸ் ஒரு பிரதி அனுப்பினார். டார்வின் மரியாதையாக நன்றி எழுதினார். பிரதியின் பெரும்பகுதி பக்கம் வெட்டப்படாமலே இருக்கிறது. சமர்ப்பணத்தை மறுத்த கடிதம் 1880 அக்டோபருடையது, எழுதப்பட்டது எட்வர்ட் அவெலிங்குக்கு. இவர் பின்னர் மார்க்ஸின் மகள் எலினாரோடு வாழ்ந்தவர், அதனால் மார்க்ஸின் காகிதங்களோடு இதுவும் கலந்துவிட்டது. 1970-களில் குழப்பம் தீர்ந்தது. மறுப்புக்கு டார்வின் சொன்ன காரணம் இன்னும் சுவாரசியம்: மதத்தை நேராகத் தாக்குவதால் பயனில்லை, அறிவு மெல்லப் பரவும்போது சிந்தனைச் சுதந்திரம் தானாக வரும், தவிர என் குடும்பத்தில் சிலர் மனம் நோகும்.

20 ஜனவரி

இன்று காலை பேருந்து நிலையத்தில் ஒரு தம்பி துண்டுப்பிரசுரம் கொடுத்தார். டார்வின் மரணப்படுக்கையில் மனந்திரும்பினாராம், லேடி ஹோப் என்ற அம்மையார் நேரில் பார்த்தாராம். அந்தக் கதை 1915-இல் அமெரிக்காவில் ஒரு பாப்டிஸ்ட் பத்திரிகையில் வந்தது. மகள் ஹென்ரியெட்டா 1922-இல் அச்சிலேயே மறுத்தார்: கடைசி நேரத்தில் நான் பக்கத்தில் இருந்தேன், அந்த அம்மையார் அப்போதும் இல்லை, வேறு எந்த நோயின்போதும் வரவில்லை. தம்பியிடம் சொன்னேன். "இருக்கட்டும் ஐயா, படிச்சுப் பாருங்க" என்றார். படித்தேன். எழுத்துப்பிழைகூட இருந்தது.

நேற்றையதும் இன்றையதும் ஒரே சரக்கு. இரண்டு பக்கமும் டார்வினைத் தம் ஆளாக்கப் பார்க்கின்றன. அவர் உயிரோடிருந்தபோதே மக்கள் கடிதம் போட்டு நச்சரித்தார்கள். 1880 நவம்பரில் ஃபிரெடரிக் மெக்டெர்மட் என்ற இளம் வழக்கறிஞர், புதிய ஏற்பாட்டை நம்புகிறீர்களா, ஆம் இல்லை என்று மட்டும் சொல்லுங்கள், வெளியிட மாட்டேன் என்று கேட்டார். டார்வின் மறைக்காமல் ஒரே வாக்கியத்தில் பதில் போட்டார்: பைபிளைத் தெய்வீக வெளிப்பாடாக நான் நம்பவில்லை, ஆகவே இயேசுவைக் கடவுளின் மகனாகவும் நம்பவில்லை என்று தெரிவிக்க வருந்துகிறேன். வருந்துகிறேன் என்கிறார் பாருங்கள். அந்தக் காகிதம் 2015-இல் நியூயார்க் ஏலத்தில் கிட்டத்தட்ட 2 லட்சம் டாலருக்குப் போனது. மெக்டெர்மட்டுக்கு எழுதுவதற்கு முந்தைய வருஷம், 1879-இல்தான், டார்வின் இன்னொருவருக்கு, கடவுள் இல்லை என்று மறுக்கும் நாத்திகனாக நான் ஒருபோதும் இருந்ததில்லை என்று எழுதியிருந்தார். இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு வாதாடுங்கள்.

23 ஜனவரி

சென்னைக்குச் சம்பந்தம் உண்டா என்று கேட்டவருக்கு: உண்டு. வால்ட்டர் எலியட், மதராஸ் சிவில் சர்வீஸ். அமராவதிச் சிற்பங்களைத் தோண்டிச் சென்னைக்கு அனுப்பிய அதே ஆள். 1856 ஜனவரியில் டார்வின் அவருக்கு எழுதி, இந்தியாவில் வளர்க்கும் புறா, கோழி இனங்களின் தோல்களைக் கேட்டார். எலியட் அனுப்பினார். நூலின் முதல் அத்தியாயத்தில், புறா பற்றிய பகுதியில், அவர் பெயர் சொல்லி நன்றி இருக்கிறது.

26 ஜனவரி

கடைசியாக ஒருவர் கேட்டது நல்ல கேள்வி: அப்படியானால் டார்வினை உண்மையில் ஆட்டிப்பார்த்த எதிர்ப்பு எது?

என் கணிப்பில் ஒரு பொறியாளரும் ஓர் இயற்பியலாளரும். பொறியாளர் ஃப்ளீமிங் ஜென்கின் 1867-இல் எழுதினார்: பிள்ளை தாய் தந்தை இருவரின் கலவை என்றால், எங்கோ ஒரே ஓர் உயிரிக்கு வந்த நல்ல மாறுதல் சில தலைமுறையில் கரைந்து காணாமல் போகாதா? 1869 ஜனவரியில் டார்வின் வாலஸிடம், தனி மாறுதல்கள் விஷயத்தில் ஜென்கின் என்னை ஒப்புக்கொள்ள வைத்துவிட்டார் என்கிறார். இயற்பியலாளர் வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு, பூமி உருகிக் குளிர்ந்த கணக்கைப் போட்டு அதன் வயது சுமார் 10 கோடி ஆண்டு என்றார்; மெல்ல மெல்ல நடக்கும் மாற்றத்துக்கு அது போதாது. டார்வினோ முதல் பதிப்பில் தெற்கு இங்கிலாந்தின் வீல்ட் பள்ளத்தாக்கு அரிக்கப்படவே 30 கோடி ஆண்டு என்று எழுதி, கண்டனம் வந்ததும் மூன்றாம் பதிப்பில் நீக்கியிருந்தார். தாம்சனின் கணக்கு என் மிகப் பெரிய தலைவலிகளில் ஒன்று என்று 1869 ஏப்ரலில் வாலஸுக்கு எழுதுகிறார். அதே வருஷம் அந்த வாலஸே, மனித மூளைக்கு மட்டும் இயற்கைத் தேர்வு போதாது என்று கட்சி மாறினார். நம் இருவரின் குழந்தையை நீங்கள் முழுசாகக் கொன்றுவிட மாட்டீர்கள் என்று நம்புகிறேன் என்றார் டார்வின்.

ஜென்கினுக்கான விடையின் வித்து 1866-லேயே, பண்புகள் கரையாமல் தலைமுறை தாண்டும் என்று காட்டிய மெண்டலின் கட்டுரையில் அச்சாகிவிட்டது, டார்வின் கண்ணில் படவில்லை. தாம்சனுக்குப் பதில் கதிரியக்கம் கண்டுபிடித்த பிறகு வந்தது. டார்வின் 1882-லேயே போய்ச் சேர்ந்தார். இடையில் எதிர்ப்புக்கெல்லாம் பதில் சொல்லிச் சொல்லி 1872-இன் ஆறாம் பதிப்பு வரை புத்தகத்தை ஒட்டுப்போட்டுக்கொண்டே இருந்தார். அதனால் புதிதாகப் படிக்கிறவர்கள் கடையில் முதல் பதிப்பின் மறுபதிப்பாகக் கேட்டு வாங்குங்கள். கடிதங்களில் 1860-ஐ முதலில் எடுங்கள், ஓவன், பிஷப், குளவி எல்லாம் அந்த ஒரு வருஷத்திலேயே இருக்கிறது.